துணிக்கடைப் பிரெஞ்சு

பிரெஞ்சுக்காரர் நாட்டில் ஒரு துணி வாங்குவதற்குப் பதினைந்து வாக்கியம் தெரிந்தால் போதும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு, முப்பது வயதுக்குமேல் அந்தப் பதினைந்தையும் சொல்லிக் கொடுத்தவள் பாரிஸ் புறநகர் ஒன்றில் இருக்கிற என் சின்னம்மா மகள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. அம்பேத்கர் பற்றிப் பேச நண்பர்கள் கூப்பிட்டு நான் போனது ஜனவரி மாதம். இங்கிருந்து கொண்டுபோன ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு வாயில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்துவிட்டது. "முதல்ல உனக்கு ஒரு மாந்தோ வாங்கணும் புள்ள" என்றாள் அக்கா. மாந்தோ என்றால் குளிருக்குப் போடுகிற நீளக் கோட்டு. "நான் கூட வரமாட்டேன், எனக்கு வேலை இருக்குது. நீயே போய் நீயே கேட்டு வாங்கிட்டு வா" என்று சொல்லி, ஒரு பழைய நோட்டில் பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

தலித் பத்திரிகையில் துணிக்கடைப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்கலாம். அந்த நோட்டில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் எங்கள் சேரி சனம் தமிழில் சொல்ல முடியாமல் நூறு வருசம் இருந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வாக்கியம் போன்ழூர். வணக்கம் என்று அர்த்தம். கடைக்குள் கால் வைத்ததும், எதையும் பார்ப்பதற்கு முன்னால், விற்கிற ஆளைப் பார்த்து "போன்ழூர் மதாம்" என்றோ "போன்ழூர் மிஸ்யே" என்றோ சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே "இது என்ன விலை?" என்று ஆரம்பித்தால் அங்கே அது மரியாதைக் குறைவு. வாங்க வந்தவரும் சொல்ல வேண்டும், விற்கிறவரும் சொல்ல வேண்டும். வெளியே வரும்போது ஒன்றும் வாங்காவிட்டாலும் "மெர்சி, ஓ ர்வார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நன்றி, போய் வருகிறேன் என்று அர்த்தம்.

எங்கள் அம்மா வருசத்துக்கு ஒருதரம் ஜவுளிக்கடைக்குப் போகும். கரும்பு வெட்டின கூலியில் மிச்சம் பிடித்து, பொங்கலுக்கு முன்னால் டவுனுக்கு. உள்ளே போனதும் கடைக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். வெடித்த பாதமும் காப்புக் காய்த்த கையும் நாங்கள் எந்தத் தெரு என்று அவருக்குச் சொல்லிவிடும். "என்னா வோணும்? காசு எவ்ளோ வெச்சிருக்க?" இதுதான் எங்களுக்குக் கிடைத்த வணக்கம். காசை எண்ணிக் காட்டின பிறகுதான் துணி எடுத்துப் போடுவார். அதுவும் எங்களுக்கு என்று ஒதுக்கின அடுக்கிலிருந்து. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மயில் கழுத்துக் கலர் புடவையை அம்மா கைநீட்டிக் காட்டினால், "அது உங்களுக்கு ஆவாது" என்பார். ஆகாது என்றால் என்ன பொருள்? உடம்புக்கு ஆகாதா, காசுக்கு ஆகாதா, சாதிக்கு ஆகாதா? விளக்கம் சொல்லமாட்டார். அம்மாவும் கேட்காது.

இரண்டாவது வாக்கியம்: "ழெ ரெகார்த் செல்மான்." நான் சும்மாதான் பார்க்கிறேன். விற்கிற பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டால் இதைச் சொல்லி ஒரு "மெர்சி"யும் சேர்த்தால் போதும், அவர் ஒதுங்கிக்கொள்வார். சில கடை வாசலில் "ஆந்த்ரே லீப்ர்" என்று எழுதியிருப்பார்கள். தாராளமாக உள்ளே வரலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று அதற்குப் பொருள். இது அங்கேயும் ஆதியிலிருந்து இருந்த வழக்கம் இல்லை. பழைய பாரிஸ் கடைகளில் உள்ளே நுழைந்தால் வாங்க வேண்டும், பேரம் பேச வேண்டும். விலை ஆளுக்குத் தக்கபடி இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இது மாறியது. 1852இல் போன் மார்ஷே என்ற கடையில் சேர்ந்த அரிஸ்தித் பூசிகோ என்பவர், எழுதி ஒட்டின ஒரே விலை, யாரும் வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற முறைகளைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். லாபத்துக்காகத்தான் செய்தார். அவர் கடையில் கூட்டம் சேர்த்தது நடுத்தர வர்க்கம். ஏழைகளுக்கு அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை.

ஏழைகளுக்கான கடை என்று அக்கா ஒன்றைச் சொன்னாள். பார்பேஸ் பகுதியில் இருந்த தாத்தி. துனிசியாவிலிருந்து வந்த யூதரான ழுயில் உவாக்கி 1948இல் தொடங்கினது. துணிகளைப் பெரிய பெரிய தொட்டிகளில் கொட்டி வைத்து, யார் வேண்டுமானாலும் கையை விட்டுக் கிளறி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அல்ஜீரியா, செனகல், மாலி என்று எங்கெங்கிருந்தோ வந்த கூலிச் சனங்களுக்கு அதுதான் துணிக்கடை. ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரிய வேண்டாம், விற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரோஸ் கட்டம் போட்ட அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைக் கேவலமாகப் பார்த்த பாரிஸ்காரர்களும் இருந்தார்கள். நான் போனபோது பார்பேஸில் அந்தக் கடை இல்லை, மூடிவிட்டார்கள். "நான் வந்த புதுசுல அங்கதான் போவேன், தொட்டுப் பாத்து எடுப்பேன்" என்று அக்கா சொன்னாள். தொட்டுப் பார்த்து என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். ஏன் அழுத்தினாள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது: "எஸ்கெ ழெ ப்பு லெஸ்ஸேயே?" போட்டுப் பார்க்கலாமா? இதோடு ஒட்டினது, "ஊ சோன் லே கபீன் தெஸ்ஸேயாழ்?" போட்டுப் பார்க்கிற அறை எங்கே இருக்கிறது? இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் ரயிலில் போகும்போது முப்பது நாற்பது தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். கடையில் கேட்டதும் அந்தப் பெண் "பியான் ஸூர்" என்றாள். அதற்கென்ன, கட்டாயம் என்று பொருள். உள்ளே போய் நின்று கோட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நான் கழற்றி வைத்த கோட்டை எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதைத் துடைக்கவில்லை, உதறவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை.

எங்கள் பக்கம் தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் முறையை இளைய தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மா அளவு ஜாக்கெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கும். துணியையும் அங்கேயே வைக்கும். அவர் ஒரு குச்சியால் தள்ளி எடுப்பார். அளவு ஜாக்கெட் இல்லாத பெண் பிள்ளைகளுக்குக் கண்ணளவுதான். "திரும்பு. ம், போ." அவ்வளவுதான். டேப் எங்கள் மேல் படாது. நான் ஏழாவது படிக்கும்போது தைத்துக் கொடுத்த பள்ளிக்கூடப் பாவாடைச் சட்டை அக்குளில் பிடித்து அறுத்தது. "கண்ணளவுல எடுத்தது அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா பிரித்துத் திரும்பத் தைத்தது. ஒரு உடம்பை அளப்பதற்கு அதைத் தொட வேண்டும். தொடமாட்டேன் என்றால் அளவு தெரியாது. தீண்டாமையைக் கோயில், குளம், டீக்கடை கிளாஸ் என்று கணக்குச் சொல்கிறோம். அக்குளில் பிடித்து அறுத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதனால்தான் நான்காவது வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்தது: "சே த்ரோ செர்ரே." இது ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. "சே த்ரோ ப்தி" என்றால் ரொம்பச் சின்னது, "சே த்ரோ க்ரான்" என்றால் ரொம்பப் பெரிசு. "வூ லாவே ஆன் கரான்த்-தெ?" என்றால் இதிலே நாற்பத்திரண்டு இருக்கிறதா? துணிக்கு அளவு என்பதைத் 'தாய்' என்று சொல்கிறார்கள், செருப்புக்கு அளவு 'புவாந்த்யூர்'. பெண்கள் துணி முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று இரண்டிரண்டாக ஏறும். நம்ம ஊர் எம், எல், எக்ஸ்எல் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. துணி சரியில்லை, எனக்குத் தகுந்தது கொண்டு வா என்று சொல்கிற உரிமை இந்த வாக்கியங்களில் இருக்கிறது. கொடுத்ததைப் போட்டுக்கொள் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

செருப்பு என்று வந்ததால் சொல்தா தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சேரி புதுச்சேரி எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் சின்ன வயதிலேயே புதுச்சேரிக்கு ஓடிப்போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பட்டாளத்துக்காரனைப் பிரெஞ்சில் சொல்தா என்பார்கள். புதுச்சேரியிலும் அதே பேர்தான். சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். பூட்ஸ், காக்கிக் கால்சட்டை, தொப்பி என்று போட்டோ இருக்கிறது. அவர் லீவில் எங்கள் ஊருக்கு வரும்போது, ஊர்த்தெரு தொடங்குகிற வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருவாராம். சேரி வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வாராம். ஆயா சொல்லி நான் கேட்டது இது. "சைகோன்ல சுட்டாங்க, சாவல. இங்க பூட்ஸோட நடந்தா செத்திருப்பாரு" என்று ஆயா சொல்லும்.

அதே புதுச்சேரியில் 1873இல் ஒரு செருப்பு வழக்கு நடந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர்கள் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் பாரிஸில் இருக்கிற உச்ச நீதிமன்றம் வரை வழக்கை நடத்தி ஜெயித்தார். 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி லாபோர்த் என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாக ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்களும் கிறிஸ்தவர்களும் ஏராளமாகப் போனார்கள். பட்டாள வேலை, பென்ஷன், பிரெஞ்சுக் குடியுரிமை என்று சில குடும்பங்கள் எழுந்து நின்றதும் அதனால்தான். அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைவாள் காலில் கிடந்த செருப்புக்குப் பாரிஸ் வரை வழக்காடும் வழி இருந்தது. எங்கள் சொல்தா தாத்தாவின் பூட்ஸை வேப்பமரத்தடியில் கழற்ற வைத்ததற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

இனி 'வூ' என்ற ஒரு சொல்லைப் பற்றி. மேலே எழுதின வாக்கியத்தில் "வூ லாவே" என்று வருகிறது இல்லையா, அந்த வூ என்றால் நீங்கள். நீ என்பதற்கு 'த்யூ'. கடையில் முன்பின் தெரியாத எல்லாரையும் வூ என்றுதான் சொல்ல வேண்டும். தயவுசெய்து என்பதற்குச் சொல்கிற "சில் வூ ப்ளே"யில்கூட அந்த நீங்கள் உட்கார்ந்திருக்கிறது. என் கருப்பு முகத்தைப் பார்த்தும் அந்தப் பெண் வூ என்றாள். "ஸா வூ வா பியான்" என்றாள். உங்களுக்கு நன்றாக இருக்கிறது. விற்பதற்காகச் சொல்கிற பேச்சுத்தான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் ஒரு கடையில் ஒருவர் என் உடம்பைப் பார்த்து, பன்மையில், நன்றாக இருக்கிறது என்று சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணப்படி அமைந்தது இல்லை, வழக்கில் உயர்த்திச் சொல்வது என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் சொல்கிறது. எம்.ஏ.வில் இதைப் பாடமாகப் படித்தோம். யாரை உயர்த்தி, யாரை விட்டுவிட்டு என்று யாரும் பாடம் நடத்தவில்லை. எழுபது வயது எங்கள் தாத்தாவை ஆண்டை வீட்டு ஏழு வயதுப் பையன் பேர் சொல்லி "இங்க வாடா" என்பான். தாத்தா "இதோ வந்துட்டன் சின்னாண்டை" என்று ஓடுவார். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் தமிழ்தான் தாய்மொழி, எங்களுக்கும் தமிழ்தான் தாய்மொழி.

பிரெஞ்சைத் தூக்கி வைத்து ஆடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் வரலாறும் லேசுப்பட்டது இல்லை. 1793இல், புரட்சி நடந்த காலத்தில், எல்லாரும் சமம், இனி எல்லாரையும் த்யூ என்றே சொல்லுவோம் என்று பாரிஸ் சாமானியர்கள் கோரிக்கை வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு குடியேற்ற நாடுகளில் வெள்ளைக்காரனுக்கு வூ, கருப்பனுக்குத் த்யூ என்று ஆனது. பெல்ஜியத்துக்காரர்களிடமிருந்து காங்கோ விடுதலையான 1960 ஜூன் 30 அன்று, அந்த நாட்டு மன்னர் முன்னாலேயே பத்ரீஸ் லுமும்பா பேசிய பேச்சில் இந்த நீ, நீங்கள் அவமானத்தையும் ஓர் எண்ணிக்கையாகச் சேர்த்துச் சொன்னார். இன்றைக்கும் பாரிஸ் புறநகர்களில் அராபிய, ஆப்பிரிக்கப் பையன்களைப் போலீஸ் நிறுத்தினால் த்யூ என்றுதான் பேசுகிறது என்று முறையீடு இருக்கிறது. சனங்களிடம் வூ போட்டுத்தான் பேச வேண்டும் என்று 2014 ஜனவரி முதல் போலீஸ் நடத்தை விதியிலேயே எழுதி வைக்க வேண்டி வந்தது. நான் கோட்டு வாங்கின கடையிலேயே ஒரு கருப்பினப் பெண் பிள்ளைக்குப் பின்னால் காவலாளி அலமாரிக்கு அலமாரி நடந்துகொண்டிருந்தார். அவள் "சும்மா பார்க்கிறேன்" என்று எந்த உச்சரிப்பில் சொன்னாலும் அவர் நகரமாட்டார் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குச் சுத்தமான பிரெஞ்சு. எனக்கு நோட்டைப் பார்த்துப் படித்த பிரெஞ்சு.

உடுப்பு விசயத்திலும் அங்கே தடை உண்டு. நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன சாயம் போட்ட பருத்தித் துணியை, உள்ளூர்ப் பட்டு, கம்பளி வியாபாரம் படுத்துவிடும் என்று 1686இல் தடை செய்தார்கள். 1759 வரை அந்தத் தடை இருந்தது. 1793 அக்டோபரில் யாரும் விரும்பின உடையை உடுத்தலாம் என்று புரட்சி அரசு ஆணை போட்டது. அதிலும் அவரவர் பாலுக்குரிய உடை என்று ஒரு கட்டு. 1800இல், பாரிஸில் பெண்கள் ஆண் உடை போட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடைமுறையில் செத்துப்போன அந்த உத்தரவு செல்லாது என்று அரசு வாய்திறந்து சொன்னது 2013இல். 2004இல் பள்ளிக்கூடங்களில் முஸ்லிம் பெண் பிள்ளைகளின் முக்காட்டுக்குத் தடை, 2023இல் அபாயா அங்கிக்கும் தடை. பெண் உடம்பில் எது இருக்கலாம் எது இருக்கக் கூடாது என்பதை அந்தக் குடியரசும் தானே முடிவு செய்கிறது.

நம்ம பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மேலுடம்பை மூடுவதற்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. தங்கம் வெள்ளி கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் புத்தகத்தில் இந்தப் பட்டியலை எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மூன்று வருசம் முன்னால், 1927 டிசம்பரில், மகாடில் கூடியிருந்த பெண்களிடம் பாபாசாகேப், மேல்சாதிப் பெண்கள் கட்டுகிற மாதிரிக் கணுக்கால் வரை சேலை கட்டுங்கள் என்று சொன்னார். உடுப்பை வைத்து நம்மை அடையாளம் காணவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அவர் ஏன் கோட்டு சூட்டோடு நிற்கிறார் என்று இன்னமும் கேட்கிற அறிவாளிகளுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

விலை கேட்பதற்கு: "கொம்பியன் ஸா கூத்?" பதிலைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். எழுபதை அறுபதும் பத்தும் என்கிறார்கள். எண்பதை நாலு இருபது என்கிறார்கள். தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும், கத்ர்-வான்-தீஸ். கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதைவிட விலைச் சீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் சட்டப்படி தள்ளுபடிக் காலம் தொடங்கும், நான்கு வாரம். அப்போது வாசலில் 'சோல்த்' என்று பெரிதாக எழுதிப் போட்டிருப்பார்கள். வாங்கிக்கொள்கிறேன் என்பதற்கு ஆண்பால் பொருளானால் "ழெ லெ ப்ரான்", பெண்பால் பொருளானால் "ழெ லா ப்ரான்". கோட்டு ஆண்பால். ஆண்கள் போடுகிற சட்டை, ஷெமீஸ், பெண்பால். பெண்கள் போடுகிற சட்டை, ஷெமிஸியே, ஆண்பால். ஏன் என்று அக்காவைக் கேட்டேன். "அவனுங்களுக்கே தெரியாது, நீ சொல்லிட்டு வா" என்றாள். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து கேட்டால்தான் அச்சடித்துத் தருகிறார்கள். ரசீது இல்லாவிட்டால் மாற்ற முடியாது.

வாங்க விருப்பம் இல்லாவிட்டால் சொல்ல ஒரு வாக்கியம் உண்டு: "ழெ வே ரெஃப்ளெஷீர்." யோசித்துச் சொல்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியே வரலாம். "பாக்கத் தெரிஞ்சுது, வாங்க வக்கில்லையா?" என்று முதுகுக்குப் பின்னால் யாரும் கத்தமாட்டார்கள்.

பழைய துணிக்கு என்றே கடைகள் இருக்கின்றன, 'ஃப்ரிப்ரி' என்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் போய்க் காசு கொடுத்து வாங்கிப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். அக்கா அதற்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. "அடுத்தவங்க போட்டு அவுத்தது எனக்கு வேணாம் புள்ள, ஊர்லயே போட்டாச்சு" என்றாள். செத்தவர் துணிதான் சண்டாளர் உடுப்பு என்று மநு எழுதி வைத்தான். ஆண்டை வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் வீட்டுக்கு வேட்டி வரும். தீபாவளிக்கு அவர்கள் கழித்துப் போட்ட சட்டை வரும். அந்தத் துணியையும் வெளுத்துக் கொடுக்கப் புதிரை வண்ணார் என்று ஒரு சனத்தை எங்களுக்கும் கீழே வைத்து, அவர்களை நாங்கள் நீ, வா, போ என்று கூப்பிட்டோம். எங்கள் சேரியில் அந்தப் பாட்டி வாசலில் வந்து நின்று சோறு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். மரியாதைப் பன்மை எங்கே நின்றுபோனது என்று கேட்கும்போது நம்ம வீட்டு வாசலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, பாரிஸில் பிரெஞ்சு தேவைப்படாத ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன். லா ஷாப்பெல் பக்கம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஈழத்துத் தமிழர்கள் உண்டாக்கின தெருக்கள் அவை. புதுச்சேரிக்காரர்களும் வந்து போகிறார்கள். அம்மாவுக்கு ஒரு புடவை வாங்கலாம் என்று ஒரு கடைக்குள் போனேன். விற்கிற அம்மா நம்ம பக்கத்து ஆள். "வாங்க, உக்காருங்க, எந்த ஊரு நீங்க?" என்று வாய் நிறையக் கேட்டார். ஊரைச் சொன்னேன். "அட, எங்க அண்ணி ஊருக்குப் பக்கம். அங்க எந்தத் தெரு?" பெரிய தெருவா, கிழக்குத் தெருவா என்று இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார். எதற்கும் நான் தலையாட்டவில்லை. "காலனி" என்றேன். அவர் கை புடவை மடிப்பில் ஒரு நொடி நின்றது. திட்டவில்லை, விரட்டவில்லை. "அப்படியா. சரி, இது பாக்கறியா? உனக்கு எவ்ளோக்குள்ள வேணும்?"

எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி, நாலு டிகிரிக் குளிரில், ஒரே ஒரு 'ங்க' உதிர்ந்தது. அந்தக் கடைக்கு நாலு கடை தள்ளி ரொட்டி விற்கிற பெண் அன்று காலையில் என்னை வூ என்றிருந்தாள். நான் தமிழச்சி என்று அவளுக்குத் தெரியாது. தமிழச்சி என்று தெரிந்தவருக்கு நான் எந்தத் தெரு என்றும் தெரிய வேண்டியிருக்கிறது. "எனக்கு நீங்க இதையெல்லாம் எடுத்துக் காட்ட வேணாம்மா, அந்த மயில் கழுத்துக் கலரை எடுங்க" என்றேன். எடுத்துப் போட்டார். தொட்டுப் பார்த்தேன். முந்தானையை விரிக்கச் சொன்னேன். விரித்தார். விலையைக் கேட்டு, எண்ணிக் கொடுத்து வாங்கினேன். கடைசி வரைக்கும் நான் 'ங்க'வை விடவில்லை, அவர் திரும்ப எடுக்கவில்லை.

ஊருக்கு வந்து மாலைப் பள்ளியில் எங்கள் பெண் பிள்ளைகளிடம் அக்காவின் நோட்டைக் காட்டினேன். போன்ழூர், போன்ழூர் என்று இரண்டு நாள் சேரி முழுக்க ஒரே சத்தம். மூன்றாம் நாள் அதையே தமிழில் எழுதச் சொன்னேன். பொங்கல் துணி எடுக்க அவர்கள் டவுனுக்குப் போகும்போது வேண்டியது அதுதான். வேலைக்குப் போகிற அண்ணன்களோடு பெரிய கடைக்குப் போய் டிரையல் ரூமில் போட்டுப் பார்த்து வருகிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். டவுன் பழைய கடைவீதியில் இன்னமும் தயங்கி நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலகையில் எழுதினது இவ்வளவுதான்:

வணக்கம்ங்க. சும்மா பாக்கறேன். அந்த மேல் அடுக்குல இருக்கறத எடுங்க. போட்டுப் பாக்கலாமா? இது இறுக்கமா இருக்குது, வேற அளவு கொண்டு வாங்க. விலை எவ்வளவு? பில்லு குடுங்க. இது வேணாம், யோசிச்சு வர்றேன்.

எழுதி முடித்ததும் எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று எழுந்து கேட்டது: "அக்கா, நம்ம இப்படிச் சொன்னா அவங்க என்ன சொல்லணும்?"

"வாங்க என்று சொல்லணும்" என்றேன். அதையும் பலகையில் எழுதினோம். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இந்த வாரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.